குழாய்க்குச் சளி பிடித்த கதை



நீண்ட நாள்களாக எழுதவில்லை. தவணை இறுதி வேலைகள், மதிப்பீட்டுப் பதிவுகள், அதன்பின் இடைவிடாத மழை. கேமரன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் மின்சாரமும் இணையமும் தாமாகவே விடுப்பு எடுத்துக்கொள்ளும். இன்று இரண்டும் வேலைக்கு வந்திருப்பதால், பல நாள்களாக மனத்தில் கிடந்த ஒன்றை எழுதிவிடுகிறேன்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘வீட்டில் நான் செய்த உதவி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளி. வகுப்பில் பதினொரு பேர்தாம். பத்துக் கட்டுரைகளில் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டு எழுந்தான். (எங்கள் ஊரில் காலையில் பனிமூட்டத்தில் எதிர் வீடே தெரியாது என்பது வேறு கதை.) பத்துப் பிள்ளைகளும் பாத்திரம் கழுவினர், கூடத்தைப் பெருக்கினர், அதைக் கண்ட அம்மா அகமகிழ்ந்தார், பத்துப் பேரும் மட்டற்ற மகிழ்ச்சியில் திளைத்தனர். இந்தச் சொற்றொடர்களை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நானேதான் என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

பதினோராவது கட்டுரை இப்படித் தொடங்கியது: “எங்கள் வீட்டுக் குழாய்க்குச் சளி பிடித்தது.”

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மூக்கு ஒழுகுவது போல் இரவெல்லாம் குழாய் ஒழுகியதாம். அப்பா அதனை நோயாளி என்றாராம். இவள் மருத்துவராம். ஐந்து வயதுத் தம்பி தாதியாம். அப்பா வெறும் ஆம்புலன்ஸ் ஓட்டுநராம். ‘டாக்டர் அம்மா’ கேட்கும் சாமான்களை எடுத்து வருவது மட்டுமே அவருடைய வேலையாம். நடுவில் ஒரு வாக்கியம்: “குழாய் ஆடியதால் அப்பா சுவரில் இரண்டு பாக்கு அடித்தார்.” வெற்றிலை பாக்கைச் சுவரில் ஏன் அடிக்க வேண்டும் என்று சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டேன். அரை நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. மலாய் மொழியில் ஆணிக்குப் ‘பாக்கு’ என்று பெயர். சிரித்தேன். பிறகு சற்றே கவலையும் வந்தது.

மறுநாள் வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்தேன். சுத்தியல், ஆணி, குறடு, திருப்புளி, திருகாணி, உளி ஆகிய ஆறு பொருள்களின் படங்களைப் பலகையில் ஒட்டிப் பெயர் கேட்டேன். சுத்தியல் என்று சிலருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் ‘துக்குல்’ என்றனர். குறட்டைப் பார்த்து ‘பிளையர்’ என்றனர். குறடு என்றதும் ஒரு மாணவன் குறட்டை விட்டுக் காட்டினான். திருப்புளி என்ற சொல்லைக் கேட்டதும் அது புளிக்குழம்பா என்றாள் ஒருத்தி. இவை அகராதியின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் சொற்கள் அல்ல. நம் தாத்தாக்களின் வாயில் நாள்தோறும் புழங்கியவை. கருவி கையைவிட்டுப் போனபின், அதன் பெயர் மட்டும் நாக்கில் தங்கிவிடுமா? படத்தைக் காட்டி, பெயரை எழுதி, பத்து முறை படிக்க வைத்து இச்சொற்களை மீட்டுவிடலாம் என்று நான் இருபது ஆண்டுகளாக நம்பி வந்தேன். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

சரி, குழாய்க்கு வருவோம்.

அந்த மாணவியின் அம்மாவை ஆலயத்தில் சந்தித்தபோது கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். “ஐயோ டீச்சர், அதையும் எழுதிவிட்டாளா?” என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார், போனேன். அவருடைய கணவர் தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை செய்பவர். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். நான் கேட்கக் கேட்க வெட்கத்தோடு நடந்ததைச் சொன்னார். பிள்ளைகள் இடையிடையே அவரைத் திருத்தினார்கள்.

மலையோடையிலிருந்து குழாய்வழி வரும் தண்ணீரில் மணல் துகள் கலந்திருக்கும். அது குழாயின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை (வாசர் என்போமே, அதுதான்) மெல்ல மெல்ல அரித்துவிடும். வளையத்தில் பள்ளம் விழுந்தபின், எவ்வளவு இறுக்கித் திருகினாலும் தண்ணீர் கசியும். பெரியவர் ஒருவருக்கு இது கால்மணி நேர வேலை. வளையத்தின் விலையோ கடையில் ஒரு தேநீர் குடிக்கும் காசுகூட ஆகாது.

அந்தக் கால்மணி நேர வேலை இவர்கள் வீட்டில் ஒன்றரை நாள் நடந்திருக்கிறது. முதல் நாள் மாலை ‘நாடி பார்த்தல்’. மகள் குழாயருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடத்துக்கு எத்தனை துளி என்று எண்ணியிருக்கிறாள்: நாற்பது. இரவு ஒன்பது மணிக்கு அடியில் ஒரு போத்தலை வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்தால், ஒன்றரை லிட்டர் போத்தலில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் தண்ணீர். ஏறக்குறைய இருபது துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டு, நான் பிறகு வகுப்பில் இதையே கணக்காகப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு நாற்பது துளி என்றால் இரண்டு மில்லிலிட்டர்; ஒரு மணி நேரத்துக்கு 120; பத்து மணி நேரத்துக்கு 1,200. போத்தலில் இருந்ததும் அவ்வளவுதான். பயிற்சி நூலில் வரும் தண்ணீர்த் தொட்டிக் கணக்கென்றால் முகம் சுளிக்கும் பிள்ளைகள், ஒரு தோழி வீட்டுக் குழாயின் கணக்கென்றதும் பெஞ்சின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் ‘அறுவைச் சிகிச்சை’. முதலில் வெளியே உள்ள வால்வை மூடவேண்டும். மூடியாயிற்று என்று அப்பா சொல்வதை நம்பக் கூடாதாம்; குழாயைத் திறந்து தண்ணீர் நின்றுவிட்டதா என்று மருத்துவரே பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். பிறகு கைப்பிடியின் திருகாணியைக் கழற்றுதல். கழற்றிய ஒவ்வொரு பொருளையும் தாதியார் மைலோ டின் மூடியில் வரிசையாக வைத்துக் காவல் காத்திருக்கிறார். எந்த வரிசையில் கழற்றினோமோ அதற்கு நேர் எதிர் வரிசையில் மாட்ட வேண்டும் அல்லவா? அந்த வரிசை சிறுவனின் மூடியில் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொறுப்பான பதவி வேறென்ன வேண்டும்! பழைய வளையத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் நிலாக்கீற்றுப் போல ஒரு பள்ளம். அதைக் கண்டதும் மகள், “அப்பா, தண்ணீர் வந்த வழி இதுதான்” என்றாளாம். அந்த இடத்தைச் சொல்லும்போது அந்தத் தந்தையின் குரல் கொஞ்சம் மாறியது.

புதிய வளையத்தைப் போட்டு மூடி வால்வைத் திறந்தால், பீய்ச்சி அடித்திருக்கிறது. தண்டு கோணலாக ஏறியிருந்ததாம். மூவரும் நனைந்துவிட்டார்கள். எங்கள் மலைத் தண்ணீரின் குளிர்ச்சி அறிந்தவர்களுக்குத் தெரியும், அது விளையாட்டில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். “தள்ளு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பேன். அவர் பிடுங்கவில்லை. “டாக்டரம்மா, நோயாளி தும்முகிறார்” என்றாராம். மீண்டும் வால்வை மூடி, மீண்டும் கழற்றி, மீண்டும் மாட்டினார்கள். மூன்றாம் முறை குழாய் நின்றது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது. என் மகன் திருப்புளியை எடுத்துக்கொண்டு ஆசையாக வந்தான். திருகாணியைத் தவறான பக்கம் திருப்பினான். ஒருமுறை சொன்னேன், இருமுறை சொன்னேன், மூன்றாம் முறை வாங்கிக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அவன் தொலைக்காட்சிக்கு முன் போய் உட்கார்ந்தான். அண்மையில் குளியலறைத் தாழ்ப்பாளும் தளர்ந்தபோது, “அம்மா, தாழ்ப்பாள் ஆடுது” என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிட்டான். பழுதைக் கண்டால் பெரியவரிடம் தெரிவித்தால் போதும் என்ற பாடத்தை நானே நடத்தியிருக்கிறேன். மற்றவர் பிள்ளைகளுக்குத் தன்முனைப்பு வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறவள் நான்!

இன்னும் பின்னால் போனால், 1980களில் தோட்டத்து லயத்து வீட்டில் என் தந்தையார். அவர் தொட்டால் சரியாகாத பொருள் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பு, மிதிவண்டி, தையல் இயந்திரம், ஒழுகும் தகரம், எல்லாவற்றையும் பார்ப்பார். அண்ணன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்பான். நான் எட்டிப் பார்த்தால், “பொம்பளப் பிள்ளைக்கு இங்கென்ன வேலை, போய்ப் படி” என்பார். அன்பாகத்தான் சொன்னார். நானும் போய்ப் படித்தேன். ஆசிரியர் பயிற்சிக் கழகம் வரை படித்தேன். அங்கே கைவேலைப் பயிற்சி ஒன்றில், திருகாணி எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். அண்டை அயலார் வீட்டுப் பொருள்களையெல்லாம் பழுதுபார்த்துத் தந்த மனிதரின் மகள், பக்கத்திலிருந்த தோழியின் கையைப் பார்த்துச் செய்தேன். அன்று வந்த வெட்கம் இன்றும் போகவில்லை. அப்பா காலமாகிவிட்டார். அவர் கையில் இருந்த கல்வியில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. அண்ணனிடம் கொஞ்சம் இருக்கிறது.

ஆதலால், மருத்துவராக மகளை நியமித்த அந்த ஆலைத் தொழிலாளியை நான் பாராட்டுவது வெறும் மரியாதைக்காக அன்று.

ஆனால், அந்த வீட்டு அம்மா ஒரு கேள்வி கேட்டார். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. “டீச்சர், நாங்கதான் கத்தரியும் கூடையுமா மலையில கிடக்கிறோம். இதுங்களாவது பேனாவோட இருக்கட்டுமேன்னு பார்த்தா, இவரு ஸ்பேனரைக் கொடுக்கிறாரு.”

இந்தக் கவலை நியாயமானது. 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, பழைய நீராவி உருளை ஒன்றும் கோவேறு கழுதைகள் சிலவும் போக, காட்டைத் திருத்தியவை மனிதக் கைகள்தாம். அவற்றுள் நம் முன்னோரின் கைகள் ஏராளம். கையால் உழைத்தவர்க்கு என்ன மதிப்புக் கிடைத்தது என்பதை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. ஆகவே, பிள்ளையின் கையிலிருந்து கருவியை விலக்குவதே முன்னேற்றம் என்று ஒரு தலைமுறை முடிவு செய்தது. நான் அந்த முடிவினால் ஆசிரியர் ஆனவள். அதைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. எனினும் நம்மை வாட்டியது கருவியா, கருவியைப் பிடித்தவனுக்குக் கொடுத்த கூலியா? இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டோம் என்று நினைக்கிறேன். அதனால்தான் அப்பா படிக்காதவர், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை என்னிடம் கூசாமல் சொல்லிவிட முடிகிறது. அந்த அப்பா பழைய மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தைப் பிரித்து மீண்டும் பூட்டக்கூடியவர்!

கையால் கற்பது ஏழைப் பிள்ளைகளுக்கான இரண்டாந்தரக் கல்வி என்றும் சிலர் எண்ணுகிறார்கள். மரியா மொந்தெசோரி அம்மையாரின் கதையை இங்கே நினைவுகூர்கிறேன். 1907ஆம் ஆண்டு சனவரியில் ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில், தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவருடைய முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. திறந்த காரணம் நமக்கு மிகவும் பழக்கமானது. பெற்றோர் வேலைக்குப் போய்விட, கேட்பாரற்ற சிறு பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் படிக்கட்டைச் சேதப்படுத்தினர். அதைப் பழுதுபார்க்கும் செலவைவிட, பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் செலவு குறைவு என்று கட்டட உரிமையாளர்கள் கருதினர். நம் தோட்டத்து ஆயாக் கொட்டகை நினைவுக்கு வருகிறதா? அந்த அறையில் அம்மையார் பிள்ளைகளின் கைக்கேற்ற சிறிய துடைப்பத்தையும், விழுந்தால் உடையக்கூடிய உண்மையான கண்ணாடி, பீங்கான் பாத்திரங்களையும் கொடுத்தார். பொம்மைப் பாத்திரம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே கவனமும் வராது. இன்று அதே முறையைப் பெருநகரங்களின் பாலர் பள்ளிகள் பெருந்தொகை வாங்கிக்கொண்டு நடத்துகின்றன.

இன்னொன்று. 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்த அம்மையார், போரினால் ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை அவர் வாழ்ந்தது கொடைக்கானலில். நம்மைப் போலவே குளிரும் பனிமூட்டமும் உள்ள ஒரு தமிழ் மலை! பயிற்சிக் கழகத்தில் அவருடைய பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை இன்னும் கொஞ்சம் நெருக்கமாக உணர்ந்திருப்பேன்.

பார்பரா ரோகோஃப் என்னும் அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகளும் இதற்குப் பொருந்தும். குவாத்தமாலா நாட்டில் மாயா இனத்தவர் வாழும் சான் பெத்ரோ என்னும் ஊரில் அவர் பல்லாண்டுகள் ஆய்வு செய்தார். அங்கே சிறு பிள்ளைகள் பெரியவர்களின் வேலையருகே இருக்கிறார்கள், கவனித்துப் பார்க்கிறார்கள், முடிந்த இடத்தில் கையை நுழைக்கிறார்கள். தனியாகப் பாடம் நடத்துவார் இல்லை. தனியாகப் பாராட்டுப் பரிசும் இல்லை. வேலை தாமதமானாலும் பிள்ளையை விரட்டுவதில்லை. நம் தோட்டங்களிலும் ஒருகாலத்தில் சமையலும் கோலமும் மாலை கட்டுவதும் இப்படித்தானே கைமாறின? பள்ளிக்கூடம் வந்தபின் நாம் பிள்ளையை வேலையிலிருந்து பிரித்து மேசைக்கு அனுப்பினோம். இப்போது அதே மேசையில் ‘ஒத்துழைப்பு’ என்னும் நன்னெறிப் பண்பைப் படம் பார்த்துக் கற்பிக்கிறோம்.

பள்ளியில்தான் பாடம் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. முன்பு ‘கெமாஹிரான் ஹிடுப்’ என்னும் வாழ்வியல் திறன் பாடம் இருந்தது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய கலைத்திட்டத்தில், 2014 முதல் நான்காம் ஆண்டுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் வந்தது. நல்ல பாடம், குறை சொல்லவில்லை. ஆயினும் புதிய பொருளை வடிவமைப்பது வேறு. பழுதான பொருளை உயிர்ப்பிப்பது வேறு. பழுதுபார்ப்பவன் முதலில், “இது ஏன் இப்படி ஆயிற்று?” என்று கேட்க வேண்டும். விடை எந்த நூலின் பின்பக்கத்திலும் இருக்காது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு அகற்றப்பட்டும், விடைப்பட்டியல் உள்ள பயிற்சி நூல்களை நாம் இன்னும் விட்டபாடில்லை.

சில ஆசிரிய நண்பர்கள் வேறொரு மறுப்பைச் சொன்னார்கள். தோட்டத்து வீடு தொழிலாளியின் சொத்தன்று; அதைப் பேணும் பொறுப்பு நிருவாகத்துக்கு உரியது; பிள்ளைகளை வைத்துப் பழுதுபார்த்துக்கொண்டால் அந்தப் பொறுப்பை நாமே தள்ளுபடி செய்தது போல் ஆகாதா? சரியான கேள்வி. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, வீட்டைப் பழுதின்றிப் பராமரிக்கும் கடமையை முதலாளியின்மீதுதான் வைக்கிறது. கூரை, சுவர், கழிவுநீர், மின்கம்பி ஆகியவற்றில் குறை என்றால் எழுத்து மூலம் தெரிவியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தைப் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள் என்றுகூடச் சொல்வேன். அதுவும் ஒரு பழுதுபார்த்தல்தான். அதிகாரப்பூர்வக் கடிதப் பயிற்சியும் ஆயிற்று. ரப்பர் வளையத்துக்கும் கதவுத் தாழ்ப்பாளுக்கும் இந்த வாதத்தைக் கொண்டு வருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உரிமையைக் கேட்கத் தெரிந்த கை, திருப்புளி பிடிக்கவும் தெரிந்திருந்தால் என்ன நட்டம்?

எவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பானவள். மின்சாரம் வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் விளையாட்டுத் தோழன் அன்று, அது உரிமம் பெற்றவரின் வேலை. எரிவாயுக் கலன் வேண்டாம். ஏணியும் கூரையும் வேண்டாம். பழைய அஸ்பெஸ்டாஸ் தகடுகளைப் பெரியவர்களும் அறுக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும் வேலையையும் விட்டுவிடுங்கள். அந்தக் காலப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். இவற்றைக் கழித்தாலும் எவ்வளவோ மிஞ்சும். ஆடும் நாற்காலிக் காலை இறுக்குதல், கழன்ற கைப்பிடியை மாட்டுதல், கிழிந்த கொசுவலைக் கம்பிக்கு ஒட்டுப் போடுதல், கதவின் அடியில் நுழையும் குளிர்காற்றைத் தடுக்கப் பழைய மிதிவண்டி டியூபை வெட்டி நீளமாக அடித்தல். இந்தக் கடைசி வேலையை எங்கள் மலையில் எல்லா வீட்டுக்கும் பரிந்துரைப்பேன்.

ஆணி அடிக்கும்போது பிள்ளையின் விரல் நசுங்கும் என்று அஞ்சுகிறவர்களுக்கு அந்தத் தந்தை காட்டிய உத்தி ஒன்று: விரலால் பிடிக்காமல், துணி காயப்போடும் கவ்வியால் ஆணியைப் பிடிக்க வைக்கிறார். சுத்தியல் தவறினால் அடி கவ்விக்குத்தான். திருகாணி இறங்க மறுத்தால் அதன் மரையில் கொஞ்சம் சவர்க்காரம் தடவுகிறார். எந்தப் பக்கம் திருப்புவது என்று பிள்ளைகள் மறக்காமலிருக்க, ‘கடிகாரம் போனால் கட்டும், எதிரே போனால் எழும்பும்’ என்று ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். என் நாற்பத்தைந்தாம் வயதில் நான் அதை மனப்பாடம் செய்துகொண்டேன். சிரிக்காதீர்கள்.

ஆசிரியர்களாகிய நம்மிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் கோத்தோங் ரோயோங் நடக்கும் நாள்களை எண்ணிப் பாருங்கள். அப்பாக்கள் உடைந்த மேசையைச் சரி செய்வார்கள், வேலிக்குக் கம்பி கட்டுவார்கள், சாயம் பூசுவார்கள். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? குப்பை பொறுக்கிவிட்டு மீகூனும் சிரப் தண்ணீரும் வரும்வரை திடலில் ஓடிக்கொண்டிருப்பார்கள். “ஓரமாக நில்லுங்கள்” என்று ஒலிபெருக்கியில் கத்துகிறவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். பல ஆண்டுகள் நானே அந்த ஆசிரியர். அடுத்த முறை ஓர் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று பிரித்துக் கொடுத்தால் என்ன? ஒருவர் மகளாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. நான்கு மேசை சரியாகும் நேரத்தில் இரண்டுதான் சரியாகும். இரண்டு போதும். வேலை முடிந்தபின் அந்தப் பிள்ளைகளிடம் கட்டுரை கேட்போம். கதிரவன் எத்தனை கட்டுரைகளில் எழுகிறான் என்று பார்ப்போம்.

இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, முதலில் ஒரு சின்ன வேலையில் செய்து பாருங்கள் என்றார். சின்ன வேலை கிடைப்பதற்குச் சிரமப்படவில்லை. சிற்றுண்டிச்சாலைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் கைகழுவும் குழாய் ஒன்று மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் அதன்முன் நின்று கைகழுவிய பதினொரு பேருக்கும் எனக்கும் அது இவ்வளவு நாள் கண்ணில் படவேயில்லை. சென்ற வியாழக்கிழமை நம் மருத்துவர் அதைக் காட்டி, “டீச்சர், இவருக்கும் சளி” என்றாள்.

வெள்ளிக்கிழமை பாடம் முடிந்தபின் வால்வை மூடினோம். ஒவ்வொருவரும் திறந்து பார்த்து உறுதி செய்தார்கள். திருப்புளியைப் ‘பெமுத்தார் ஸ்குரு’ என்று கேட்பவர்க்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்; அரைமணி நேரத்தில் பதினொரு வாயிலும் திருப்புளி புழங்கியது. கைப்பிடியைக் கழற்றும் முறை வந்தபோது எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். பழைய வளையத்தை எடுத்துவிட்டோம். நான் வாங்கி வைத்திருந்த புதிய வளையம் அளவில் சிறியதாகப் போய்விட்டது. என் தவறுதான், பழையதை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டு வாங்கியிருக்க வேண்டும். வேறு வழியின்றிப் பழையதையே போட்டு மூடினோம்.

குழாய் இன்னும் சொட்டுகிறது. நிமிடத்துக்கு இருபத்தாறு துளி. எண்ணிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய வளையத்தின் அளவைத் தாளில் வரைந்து எடுத்துப் போயிருக்கிறாள் அந்தப் பெண். திங்கட்கிழமை அப்பாவோடு ரிங்லெட் கடைக்குப் போகும்போது சரியானதை வாங்கி வருவாளாம்.